டிலீட் அழுத்தினால் பில் திறக்கிறதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் டவுனிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "டிலீட் அழுத்தினேன், பில் அழியாமல் திறந்துகொள்கிறதே, ஏன்?" ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட ஒரு மடலாகவே எழுதிவிடுகிறோம்.

உங்கள் கணக்கு மென்பொருள் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற நிரல் கட்டமைப்பில் எழுதப்பட்டது. பிரவுசரில் ஒரு லிங்க்கை அழுத்தினால் அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: இந்தப் பக்கத்தைக் காட்டு என்று சர்வரைக் கேட்பது. இதற்குப் பெயர் கெட். அழிப்பதற்கு டிலீட் என்று தனிக் கோரிக்கை உண்டு, ஆனால் வெறும் லிங்க்கால் அதை அனுப்ப முடியாது. பக்கத்தோடு சேர்ந்து இறங்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல்தான் நீங்கள் அழுத்தியதை நடுவில் பிடித்து, கெட்டை டிலீட்டாக மாற்றி அனுப்புகிறது. பில்லைப் பார்ப்பதற்கும் அழிப்பதற்கும் முகவரி ஒன்றே. அதனால் ஸ்கிரிப்ட் வேலை செய்யாதபோது பில் திறந்துகொள்கிறது. வெளியேறும் லிங்க் 404 (பக்கம் இல்லை) என்று காட்டுவதும் இதனால்தான்.

தோட்டப் பக்கம் லைன் மெதுவாக இருக்கும்போது, பக்கம் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ஸ்கிரிப்ட் இறங்கிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு அழுத்தினால் அதே கதைதான். பக்கம் முழுதாக வரும்வரை பொறுத்துப் பாருங்கள்.

சில கடைகளில் மகனோ மருமகனோ மென்பொருளின் கோடிங்கைப் பார்த்துக்கொள்கிறார். இது அவருக்கு. 2021 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 7, பழைய யூஜேஎஸ் ஸ்கிரிப்டை விட்டுவிட்டு டர்போ என்ற ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டது. 'டேட்டா மெத்தட்' என்று எழுதியிருந்தால் டர்போ திரும்பிக்கூடப் பார்க்காது. 'டேட்டா டர்போ மெத்தட்' என்று இருக்க வேண்டும். கூடவே 'டேட்டா கன்ஃபர்ம்' என்பதையும் 'டேட்டா டர்போ கன்ஃபர்ம்' என மாற்றுங்கள். முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இதை மறந்தால், "நிச்சயமா?" என்று கேட்காமலே பில் போய்விடும். அழித்தபின் பட்டியலுக்குத் திருப்பும்போது 303 என்ற பதில் எண்ணைக் கொடுங்கள். 302 கொடுத்தால் அந்த டிலீட் பட்டியலின் முகவரிக்கும் போக வாய்ப்புண்டு. எல்லா டிலீட் லிங்க்கும் சேர்ந்து படுத்துவிட்டால் டர்போவே இறங்கவில்லை என்று பொருள். எஃப்12 அழுத்தி கன்சோலைப் பாருங்கள்.

தயவுசெய்து ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கெட் கோரிக்கையிலேயே அழியும்படி ரூட் (முகவரி விதி) எழுதுவது. 2005 மே மாதம் கூகுள் வெப் ஆக்ஸிலரேட்டர் வந்தபோது, வேகத்துக்காக அது பக்கத்திலுள்ள லிங்க்குகளையெல்லாம் முன்கூட்டியே திறந்து பார்த்தது. பேக்பேக் என்ற மென்பொருளில் யாரும் தொடாமலே பக்கங்கள் அழிந்தன. ரெயில்ஸ் பிறந்த நிறுவனத்தின் மென்பொருள்தான் அது! பில் அழியாமல் திறப்பது எரிச்சல்தான், ஆனால் அதில் எதுவும் தொலைவதில்லை.

எங்கள் முடிவு இது: வரும் பதிப்பில் டிலீட் லிங்க் ஒரு தனிப் பக்கத்துக்குப் போகும். பில் எண், தொகை, அதன் கீழே 'அழி' என்ற பட்டன். பட்டன் உண்மையில் ஒரு படிவம், ஸ்கிரிப்ட் இல்லாவிட்டாலும் சர்வரிடம் போய்ச் சேரும். ஒரு அழுத்தல் கூடும், பரவாயில்லை.

இரவெல்லாம் திறந்து கிடந்த பக்கத்தில் காலையில் அழுத்தி 422 வந்தால், உங்கள் லாகின் காலாவதியாகியிருக்கும். பக்கத்தைப் புதுப்பித்து மறுபடி உள்ளே வாருங்கள். அப்புறம், பாக்கி உள்ள வாடிக்கையாளரின் பெயர் அழியாது. அது பழுதல்ல, நாங்கள் வேண்டுமென்றே போட்ட பூட்டு. 555 புத்தகத்தில் கடன் நிற்கும் தாளை யாராவது கிழிக்க விடுவீர்களா?

இவ்வளவுக்கும் பிறகு சரியாகவில்லை என்றால், பில் திறந்ததா, பிழைச் செய்தி வந்ததா, ஒன்றுமே நடக்கவில்லையா என்று ஒரு வரி எழுதி, திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். படத்தில் மேலே உள்ள முகவரிப் பட்டையும் தெரியட்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்புக் குழு,
சுங்கை சிப்புட், பேராக்