ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அக்கா போன வாரம் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனாள். மற்றபடி எழுதும்படியான செய்தி ஒன்றும் இல்லை. செய்தி இல்லாதபோது எதற்குக் கடிதம், தொலைபேசியில் பேசினால் போதாதா என்று நீ நினைக்கலாம். தொலைபேசியில் நாம் பேசிக்கொள்ளும் அழகு இருவருக்கும் தெரிந்ததுதான். நான் நலமா என்பேன், நீ "நல்லா இருக்கேன்ப்பா" என்பாய், அடுத்த மூச்சில் "அம்மாகிட்ட குடுங்க" என்பாய். நான்கு நிமிடத்துக்கு மேல் அது நீண்டதில்லை.

நேரத்துக்குத் தூங்குகிறாயா? போன மாதம் காணொளியில் பார்த்தபோது கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வேலை எங்கும் ஓடிப்போகாது, நேரத்துக்குத் தூங்கு.

உன் பழைய அலமாரியை ஒழித்தபோது அந்த நீல அட்டைப்பெட்டி அகப்பட்டது. முதல் சம்பளத்தில் நீ வாங்கி வைத்த டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூன் பட வட்டுகள் மேலே சுற்றிய கண்ணாடித்தாள் கூடக் கிழியாமல் அப்படியே இருந்தன. இத்தனை ஆசைப்பட்டு வாங்கியவன் ஒன்றைக்கூட ஏன் பிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. பேரனுக்கு அனுப்பிவிடலாம் என்றாள் உன் அம்மா. நான் அனுப்பவில்லை. உன் அனுமதி இல்லாமல் கத்தரிக்கோலை எடுத்து நானே பிரித்து, மதியம் ஒன்று, மாலையில் இரண்டு என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். சிரிக்காதே.

வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதியவன் எதையும் சும்மா பார்க்க மாட்டான் என்பது உனக்குத் தெரியும். ஒரு நோட்டில் வரிசை எண் போட்டுக் குறித்துக்கொண்டு வருகிறேன். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940 முதல் 1958 வரை எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் பட நிறுவனத்துக்காகச் செய்த படங்கள் 114. பிறகு ஜீன் டைச் என்பவர் பிராக் நகரத்தில் இருந்துகொண்டு செய்தவை 13. அதன்பின் 1967 வரை சக் ஜோன்ஸ் செய்தவை 34. ஆக மொத்தம் 161. உனக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்பட்டதே இல்லை. எட்டு வயதில், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நின்றபடி, டாமின் புருவத்தை மட்டும் பார்த்தே "இது பழசு இல்லப்பா, வேற டாம்" என்று சொல்லிவிடுவாய். இப்போது ஒவ்வொன்றாகப் பார்க்கையில்தான் நீ சொன்னது எவ்வளவு சரி என்று தெரிகிறது. சக் ஜோன்ஸின் டாமுக்குப் புருவம் தடித்தது. பிராக்கில் செய்தவற்றில் ஒலிகள் கிணற்றுக்குள் இருந்து வருவது போல எதிரொலிக்கும். இருபது ஆண்டு அனுபவம் உள்ள கணக்குத் தணிக்கையாளருக்கும் இல்லாத கண் உனக்கு அந்த வயதிலேயே இருந்தது. அதை நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மற்றவர்களிடம் மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டாம் வாலில் அடிபட்டு அலறுமே, அந்த அலறல் ஹன்னாவின் சொந்தக் குரல் என்பது உனக்குத் தெரியுமா? படம் செய்த மனிதரே ஒலிவாங்கி முன் நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். நீ ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போதெல்லாம் உன் குரலுக்குப் பின்னால் அந்த அலறலும், அதற்கு மேலே பேரனின் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும். "கொஞ்சம் குறைடா" என்று நீ திரும்பிச் சொல்வாய். எனக்கு அது இடைஞ்சலாக ஒருபோதும் இருந்ததில்லை. உன் நான்கு நிமிடத்தில் மூன்று நிமிடம் நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நீ வருத்தப்படக் கூடாது. பதினொரு ஞாயிற்றுக்கிழமைகளாக அந்தச் சத்தம் கேட்கவில்லை. குட்டி எங்கே என்று அம்மா கேட்டதற்கு, பகல் பதினொரு மணிக்குத் தூங்குகிறான் என்றாய். பிள்ளைகள் என்றால் தூங்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நான் எதையும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. மருமகளை விசாரித்ததாகச் சொல். இருவரும் நேரத்துக்குத் தூங்குங்கள். அலுவலகத்துக் கோபத்தைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போ.

படத்துக்கே வருகிறேன். இவற்றில் ஏழு படங்கள் ஆஸ்கர் பரிசு பெற்றவை. மேடையேறி அவற்றை வாங்கிக்கொண்டவர் ஃப்ரெட் க்விம்பி என்ற தயாரிப்பாளர். வரைந்து, யோசித்து, அலறிக் காட்டியவர்கள் அல்ல. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. பரிசு பெறாத இன்னொரு மனிதரைப் பற்றித்தான் நான் இப்போது அதிகம் நினைக்கிறேன். ஸ்காட் பிராட்லி என்று பெயர். ஹன்னா, பார்பெரா படங்களுக்கு இசையமைத்தவர். பூனையும் எலியும் பேசுவதே அரிது என்பதால் அவை பேச வேண்டியதை எல்லாம் இவருடைய வாத்தியங்கள் பேசுகின்றன. ஜெர்ரி நுனிக்காலில் நடந்தால் வயலின் நரம்பை விரலால் சுண்டுகிறார்கள். டாம் படியில் உருண்டால் சுரங்களும் படிப்படியாக உருண்டு கடைசிப் படியில் தாளத்தோடு மோதி நிற்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒரு படத்தைக் கேட்டுப் பார்த்தேன். யார் துரத்துகிறார்கள், யார் ஒளிந்திருக்கிறார்கள், எங்கே அடி விழப்போகிறது என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. சத்தம் இல்லாமல் பார்த்தால் பாதிப் படம்தான் மிஞ்சும்.

இதை எழுதும்போது கை நிற்கிறது. சுற்றி வளைத்து என்ன ஆகப் போகிறது, சொல்லிவிடுகிறேன்.

161 படங்களையும் வரிசையாகப் பார்க்க நான் உட்கார்ந்தது பொழுது போகாமல் அல்ல. அன்று மாலை ஓடியது எந்தப் படம் என்று தேடினேன். எந்த மாலை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு நினைவில் இருந்ததெல்லாம், திரையில் அந்தப் பூனை இரண்டு கையிலும் தட்டுகளைக் கோபுரம் போல அடுக்கிக்கொண்டு தள்ளாடியதும், நீ தரையில் கிடந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும்தான். தேடவே வேண்டியிருக்கவில்லை. முதல் வட்டில் முதல் படமாகவே அது வந்தது. 1940இல் வெளிவந்தது; அதில் டாமுக்கு டாம் என்ற பெயர்கூட இல்லை, ஜாஸ்பர் என்று அழைக்கிறார்கள். இன்னும் ஒரு பொருளை உடைத்தால் வீட்டை விட்டுத் துரத்திவிடுவேன் என்று வேலைக்கார அம்மாள் எச்சரித்துவிட்டுப் போகிறாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எலி, ஒரு கண்ணாடிக் கோப்பையை மேசை விளிம்பில் நீட்டிப் பிடிக்கிறது. அவ்வளவுதான், அதுவரை துரத்திய பூனை சிலையாக நின்றுவிடுகிறது. பிறகு எலி தட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட, பூனை பாய்ந்து பாய்ந்து பிடித்து அடுக்குகிறது. அடுக்கு உயர உயர அதன் முகம் மறைகிறது, கால் நடுங்குகிறது.

அன்று காலை எனக்கு மேலே இருந்த அதிகாரி, நான் செய்யாத ஒரு பிழைக்காக, பிரிவில் இருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் என்னை நிறுத்தி, இன்னும் ஒரு தவறு நடந்தால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் மாலை வரை அதே நாற்காலியில் அமர்ந்து கூட்டல் போட்டேன். வீட்டுக்குள் நுழைந்தபோது உன் சிரிப்புக் கேட்டது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாய் என்று தோன்றியது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என் அலுவலகத்தில் நடந்தது எப்படித் தெரியும் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. உன்னை அறைந்தேன். ஒருமுறை அல்ல. பிறகு தொலைக்காட்சியின் ப்ளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் அதன் ஒரு முள் வளைந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் நீ எழுவதற்கு முன்பு குறடு எடுத்து அந்த முள்ளை நிமிர்த்தி வைத்தேன். அதைத்தான் நான் செய்தேன். உன்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நான் அன்று உன்னருகில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால், அந்தத் தட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் நிற்பது யார் என்று கண்டுகொண்டிருப்பேன். ஒருவேளை நானும் சிரித்திருப்பேன்.

அதற்குப் பிறகு நீ படம் பார்ப்பதை நிறுத்தவில்லை. ஒலியை முழுவதும் குறைத்துவிட்டுப் பார்த்தாய். என் செருப்புச் சத்தம் கேட்டதும் குறைத்தாய் என்று முதலில் நினைத்தேன். பிறகு நான் வீட்டில் இல்லாதபோதும் அப்படித்தான் பார்த்தாய் என்று அக்கா சொல்லித் தெரிந்தது. அதை நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன். என் மகன் இரைச்சல் போடமாட்டான், அப்பா களைத்து வருவார் என்று தெரிந்த பிள்ளை என்று உறவினர் எல்லோரிடமும் சொன்னேன். 1945இல் வந்த படம் ஒன்று, பரிசு பெற்றதுதான், உனக்கு நினைவிருக்கும்: நாய் தூங்க வேண்டும், ஒரு சத்தம் கேட்டாலும் தொலைத்துவிடுவேன் என்று டாமை மிரட்டிவிட்டுப் படுக்கிறது. அதன்பின் ஜெர்ரி பல்புகளைக் கீழே எறிய, அவை தரையைத் தொடுவதற்குள் டாம் ஓடி ஓடிப் பிடிக்கிறது. இத்தனை நாள் பூனையைப் பார்த்துச் சிரித்த நான் இந்த முறை நாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நன்றாகத் தூங்குகிறது. வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்குகிறது.

எல்லாவற்றையும்விட என்னை வதைப்பது அந்தப் பியானோக் கச்சேரிதான். லிஸ்ட் என்ற இசையமைப்பாளர் எழுதிய இரண்டாம் ஹங்கேரியன் ராப்சொடியை டாம் நீண்ட கோட்டு போட்டுக்கொண்டு வாசிக்க, பியானோவுக்குள் படுத்திருக்கும் ஜெர்ரிக்குத் தூக்கம் கலைந்துவிடுகிற படம். கடைசியில் டாம் களைத்துச் சரிய, கைதட்டலை ஜெர்ரி வாங்கிக்கொள்கிறது. நான் செய்தித்தாளைப் பிடித்தபடி உனக்குப் பின்னால் அமர்ந்திருந்தேன். நீ அந்தக் கச்சேரியை முதலில் இருந்து முடிவு வரை ஒலியே இல்லாமல் பார்த்தாய். உன் வலது கைவிரல்கள் மட்டும் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. நான் பக்கத்தைத் திருப்பினேன். எழுந்து வந்து ஒலியைக் கூட்டிவைக்க எனக்குப் பத்து அடிகூட நடக்க வேண்டியிருக்கவில்லை.

நீயும் வாய் திறந்து கேட்டிருக்கலாம். கோபம் என்றால் கோபம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நிமிடம் என்று என்னைக் கணக்கில் வைத்துவிட்டாய். இல்லை, இந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. அடித்துவிட்டால் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவாய் என்பதால் அப்படியே விடுகிறேன்.

1949 படத்தில் டாம் இறந்துபோய், சொர்க்க ரயிலில் ஏறுவதற்கு ஜெர்ரியிடம் மன்னிப்புச் சான்றில் கையெழுத்து வாங்க ஒரு மணி நேரம் அவகாசம் பெறுமே, அதை நேற்றுப் பார்த்தேன். நான் அப்படிக் காகிதம் எதையும் நீட்டவில்லை. என் கவலை வேறு. நான் வளைத்த முள்ளை நீ உன் வீட்டிலும் வளைத்துவிட்டாயோ என்று இரவில் நினைத்துக்கொள்கிறேன். அங்கே ஒலி குறைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது ஒலி எழுப்ப ஆள் இல்லையா என்று மறுபக்கம் புரண்டு படுத்து நினைத்துக்கொள்கிறேன். இரண்டில் எதுவானாலும் என்னிடம் சொல்லலாம். நான் பாதியில் குறுக்கிட மாட்டேன். புத்தி சொல்ல மாட்டேன். சொன்னால் அம்மா என் கையில் இருந்து தொலைபேசியைப் பிடுங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

வட்டுகளை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். முதல் வட்டை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். மற்றவை எந்த முகவரிக்கு வர வேண்டுமோ அந்த முகவரிக்கு நீயே மாற்றி அனுப்பிக்கொள். வரும் ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது, குட்டி பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் கச்சேரிப் படத்தைப் பின்னால் ஓடவிடு. ஏழெட்டு நிமிடம்தான் வரும். நாம் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

நேரத்துக்குத் தூங்கு.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: மூன்றாம் வட்டை உறையில் இருந்து எடுக்கும்போது கத்தரிக்கோல் பட்டு ஒரு கீறல் விழுந்துவிட்டது. ஒரே ஒரு இடத்தில் தாவுகிறது, மற்றபடி ஓடுகிறது. என் தவறுதான்.