கெண்டைக்காலும் கேஸ் மாத்திரையும்

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியை இரண்டே வரியில் முடித்துவிட்டு, தலைவலிக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். நமக்கு வயசாகிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தலைவலிக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மக்னீசியம் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறாயே, அதைப் பிரிக்கும் முன் என் கதையைக் கேள்.

போன மாசி முழுக்க விடியற்காலை மூன்று மணிக்குக் கெண்டைக்காலில் குரக்களி இழுக்கும். சதை எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டுகொண்டு நிற்கும். இறங்கிப் பாதத்தைச் சுவரில் அழுத்தி நின்றால்தான் விடும். கூடவே விரல் நுனியில் மதமதப்பு. வாழைப்பழம், இளநீர் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ரத்தப் பரிசோதனையில் மக்னீசியம் 1.1 என்று வந்தது. 1.7-க்கு மேல் இருக்க வேண்டுமாம். கால்சியமும் குறைவு.

டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை, என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்றுதான் கேட்டார். நெஞ்செரிச்சலுக்கு எப்போதோ எழுதிக்கொடுத்த ஒமிப்ரசோல் என்ற கேஸ் மாத்திரையை, பழைய சீட்டைக் காட்டியே ஆறு வருஷமாகக் காபிக்கு முன்னால் போட்டுவந்தேன். நாள்பட்டால் அது குடல் மக்னீசியத்தை உறிஞ்சுவதைக் கெடுத்துவிடுமாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-லேயே எச்சரித்திருக்கிறது. மக்னீசியம் ரொம்பக் குறைந்தால் கால்சியத்தைக் கட்டுக்குள் வைக்கும் பாராதைராய்டு சுரப்பியும் மந்தமாகி, கால்சியமும் கூடவே இறங்கும். அப்போது வெறும் கால்சியம் மாத்திரையை விழுங்கி என்ன பயன்? ட்ரிப்ஸில் மக்னீசியம் ஏற்றி, கேஸ் மாத்திரையையும் மாற்றிய பிறகு குரக்களி நின்றது. அதற்காக எல்லோருக்கும் இதே மருந்து என்று எண்ணிவிடாதே. வயதானவர்களுக்குச் சாதாரணமாக வரும் குரக்களிக்கு மக்னீசியம் பெரிதாக உதவுவதில்லை என்கிறார்கள். எனக்கு நிஜமாகவே குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியத்துக்கும் தொடர்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வந்த வலியை நிறுத்த அல்ல, அடிக்கடி வராமல் தடுக்கத்தான் அந்த மாத்திரையைத் தருகிறார்கள். இதில் ரத்தப் பரிசோதனையை முழுசாக நம்பவும் முடியாது. உடம்பிலுள்ள மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் ஓடுவதில்லை, பாதிக்கு மேல் எலும்பில்தான்.

ஆனால் நீ எழுதியிருப்பது ஒற்றைத் தலைவலி மாதிரியே இல்லையே. தலை முழுக்கக் கனம், நடந்தால் தள்ளாட்டம். பிரஷருக்கு நீர் பிரிய மாத்திரை போடுகிறாய், அதற்கு மேல் உப்பையும் அடியோடு நிறுத்திவிட்டாய். எனக்குச் சந்தேகம் உப்பிலுள்ள சோடியத்தின் மேல்தான். ரத்தத்தில் அது 135-க்குக் கீழே நன்றாக இறங்கினால் இதெல்லாம் வரும். நாளைக்கே டாக்டரிடம் போய்ப் பார். அப்படியே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்த்துவிடு. உனக்குச் சர்க்கரை பழசு, சிறுநீரகம் சோர்ந்திருந்தால் மக்னீசியம் வெளியேறாமல் தேங்கிவிடும். அதுவரை அந்த டப்பா மூடியபடியே இருக்கட்டும். நீயாக எதையும் நிறுத்தவும் வேண்டாம்.

அப்புறம், பேத்திக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? அதைக்கூட எழுதவில்லை நீ.

அன்புடன்,
சுந்தரம்