பனியும் வெந்நீரும் நெய்த துணி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருமணம் நிச்சயமான செய்தி எங்கள் வீட்டில் எல்லோரையும் மகிழ வைத்தது. இங்கே ஜப்பானின் நீகாட்டாவில் கூரையில் சேரும் பனியைத் தள்ளுவதிலேயே காலைப் பொழுது கழிகிறது. ஜப்பானின் பனிநிலத்தையும் வெந்நீர் ஊற்றுகளையும் கருவாகக் கொண்டு குளிர்கால மஃப்ளர்கள் நெய்யப் போவதாக எழுதி, என் கருத்தைக் கேட்டிருந்தாய். மனத்தில் பட்டதை அப்படியே சொல்கிறேன்.

நீ அனுப்பிய மாதிரிகளில் ஃபுஜி மலையும், வெந்நீர்க் குளத்தில் அமர்ந்திருக்கும் குரங்குகளும் இருந்தன. வரைந்த கை தேர்ந்த கை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தப் படங்களை எந்தப் பொருளின் மேலும் அச்சிட்டுவிடலாம். நெசவாளியான நீ அவற்றோடு நின்றுவிடக் கூடாது என்பது என் எண்ணம். பனியும் வெந்நீரும் இந்தப் பகுதியில் துணிக்குள்ளேயே வேலை செய்கின்றன.

சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, இங்குள்ள மலைகளில் மோதி அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. மாதக்கணக்கில் வயலுக்குப் போக முடியாத உழவர் குடும்பங்கள் ரேமி என்னும் செடியின் பட்டையை நகத்தால் மயிரிழைபோலக் கிழித்து, ஒன்றோடொன்று முறுக்கி இணைத்து, இடுப்போடு பிணைத்த தறியில் நெய்து வந்தன. காற்று வறண்டால் இந்த நார் அறுந்துவிடும்; பனி தரும் ஈரமே அதைக் காப்பாற்றுகிறது. நெய்த துணியைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெயில் அடிக்கும் நாள்களில் பனிவயலின் மேல் விரித்து வெளுக்கிறார்கள். உருகும் பனியின் நீராவியில் சூரியனின் புறஊதாக் கதிர் பட்டு உண்டாகும் ஓசோன் வாயு கறையை நீக்குகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஓஜியா சிஜிமி, எச்சிகோ ஜோஃபு என்று பெயர் பெற்ற இந்தத் துணிகளின் நெசவை யுனெஸ்கோ 2009-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இவை கோடைக்கால உடைக்கான துணிகள். கழுத்துக்குக் கதகதப்புத் தருபவை அல்ல. ஆனால் ஓஜியா சிஜிமியில் உனக்கு மிகவும் பயன்படும் நுட்பம் ஒன்று உண்டு. அதன் ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் இழைக்கு, மிகுந்த முறுக்கு ஏற்றி நெய்து, பிறகு துணியை வெந்நீரில் பிசைவார்கள். அடங்கிக் கிடந்த முறுக்கு விடுபட்டு, துணி முழுவதும் நுண்ணிய சுருக்கங்கள் எழும். அதையே கம்பளி நூலில் செய்து பார். முறுக்கேறிய கம்பளி வெந்நீரில் சுருங்கும்போது மடிப்புகளில் காற்று தங்கும். மெல்லிய மஃப்ளரே நன்றாகக் குளிர் தாங்கும். வெந்நீர் ஊற்றைப் படமாக வரைவதைவிட, வெந்நீரே உருவாக்கிய துணியைக் கழுத்தில் அணிவது எவ்வளவு சிறப்பு!

வடிவம் வேண்டுமென்றால் பனிப்படிகத்தை எடுத்துக்கொள். கோகா என்னும் ஊரை ஆண்ட சிற்றரசர் தோய் தோஷித்சுரா நுண்ணோக்கி வழியாகப் பார்த்து வரைந்த 86 படிகங்களை 1832-இல் நூலாக வெளியிட்டார். அந்த வடிவங்கள் விரைவிலேயே கிமோனோக்களுக்குப் பரவின. எனக்கு இன்னும் பிடித்தவர் நகாயா உகிசிரோ. இஷிகாவா மாநிலத்தின் கதாயாமசு என்னும் வெந்நீர் ஊற்று ஊரில் 1900-இல் பிறந்த இவர், 1936-இல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை ஒரு முயல் மயிரின் நுனியில் வளர்த்துக் காட்டினார். முயல் மயிர் கலந்த நூலில் ஒரே ஒரு படிகத்தை மட்டும் நெய்த மஃப்ளரை நீ செய்தால், முதல் ஆளாக நானே வாங்கிக்கொள்வேன்.

நிறத்தில் மட்டும் தயவுசெய்து பளபளக்கும் நீலத்தைத் தவிர்த்துவிடு. அகிதா மாநிலத்தின் நியூத்தோ வெந்நீர் ஊற்றில் நீர் பால்போல வெளுத்திருக்கும். சுற்றியுள்ள பனியின் வெண்மை அதனினும் வேறு. சாயமேற்றாத இரண்டு மூன்று வெண்ணிற நூல்களை அருகருகே வைத்தாலே அந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

திருமண வேலைகளுக்கு நடுவே நேரம் கிடைத்தால், முறுக்கேற்றிய ஊடையில் ஒரு முழத் துண்டு நெய்து, வெந்நீரில் பிசைந்து அனுப்பு. இங்கு எனக்குப் பழக்கமான மூத்த நெசவாளர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டி, அவர் சொல்வதை விரிவாக எழுதுகிறேன். மணமக்களுக்கு எங்கள் வாழ்த்துகளைச் சொல்.

அன்புடன்,
உன் தோழி