அந்தப் பலகையில் இன்னும் இரண்டு வரி எழுதுங்கள்

டெல்டா மாவட்டங்களில் சுகாதார விழிப்புணர்வுப் பலகைகளும் துண்டறிக்கைகளும் தயாரிக்கிறவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் ஊர் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பலகை இருக்கிறது. இரண்டு சிறுநீரகம், கீழே ஒரு சல்லடை. ‘கழிவை வெளியேற்றும் உறுப்பு, தண்ணீர் நிறையக் குடியுங்கள்’ என்று எழுதியிருக்கிறது. தப்பில்லை. ஆனால் அதைப் பார்க்கிற எங்களுக்குக் கிட்னி என்றால் ஒரு வடிகால் வாய்க்கால், அவ்வளவுதான்.

என் அம்மா குறுவை, சம்பா இரண்டுக்கும் நடவுக்குப் போனவர். நான்கு வருடத்துக்கு முன்னால் வரப்பில் நடந்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. ‘ரத்தம் கம்மி’ என்றார்கள். ஹீமோகுளோபின் 7.4. இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று ஒரு வருடம் ஓடியது. ஏறவே இல்லை. சிறுநீர் வழக்கம்போலப் போனதால் கிட்னியை யாரும் சந்தேகப்படவில்லை, நானும்தான். கடைசியில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்ற அளவு) பார்த்தபோது 6-ஐத் தாண்டியிருந்தது.

அப்புறம்தான் தெரிந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை மோப்பம் பிடித்து, எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பது சிறுநீரகம். அது எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சொன்னால்தான் சிவப்பணு உற்பத்தி நடக்கும். களஞ்சியத்தில் விதைநெல் இருந்து என்ன, மேட்டூரில் தண்ணீர் திறந்தால்தானே நாற்று விட முடியும்? அம்மா விழுங்கிய இரும்பு மாத்திரையெல்லாம் அந்த விதைநெல்தான்.

டயாலிசிஸ் மெஷினும் இதைச் சுரக்காது. அது வடிகட்டும், அதோடு சரி. அதனால் ஹார்மோனை ஊசியாகப் போட வேண்டியிருக்கிறது. 1977-இல் அமெரிக்காவில் இதை முதன்முதலில் சுத்தமாகப் பிரித்தெடுக்க, ரத்தசோகை நோயாளிகளின் சிறுநீர் 2,550 லிட்டர் தேவைப்பட்டதாம். கிடைத்தது சில மில்லிகிராம். இன்று அதே சரக்கைச் சூடுபடாமல் ஊருக்குக் கொண்டுவர, பிளாஸ்கில் ஐஸ் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருப்பேன். மூன்று மாதத்தில் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 10-ஐத் தொட்டது. திண்ணையிலிருந்து எழுந்து தானே காபி போட்டுக்கொண்ட நாள் இன்னும் நினைவிருக்கிறது.

எலும்பு வலி வேறு கதை. ‘வைட்டமின் டி குறைவு’ என்றதும் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. ‘வெயிலுக்காடா எனக்குப் பஞ்சம்?’ பஞ்சமில்லைதான். ஆனால் தோல் வெயிலில் செய்வதைக் கல்லீரல் ஒரு கை மாற்றி, சிறுநீரகத்தின் நொதி கடைசி வேலையை முடித்தால்தான் அது உடம்புக்கு முழுதாகப் பயன்படும். ரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்கும் ரெனின் என்ற நொதியும் அங்கேதான் சுரக்கிறது. 1898-லேயே கண்டுபிடித்தது, எங்கள் பலகைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது வலி மாத்திரை. நடவு நாட்களில் இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி, தினம் இரண்டு போட்டுக்கொண்டு வயலில் இறங்கும் பெண்கள் இங்கே நிறையப் பேர். உடம்பில் நீர் வற்றும்போது தன் ரத்த ஓட்டம் குறையாமல் இருக்கச் சிறுநீரகமே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் செய்துகொள்கிறது. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் தடுப்பது அதைத்தான். காய்கிற வெயிலில், தண்ணீர் குடிக்காமல், வெறும் வயிற்றில் அதை விழுங்கினால் என்ன ஆகும்? அம்மாவின் கிட்னி இதனால்தான் போனது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை, சர்க்கரையும் இருந்தது. இல்லை என்றும் சொல்லவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ‘சோறு தண்ணீர் சாப்பிட்டும், இரும்பு மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லையா? கிரியேட்டினின் பாருங்கள்’ என்று ஒரு வரி. ‘தினமும் வலி மாத்திரை வேண்டாம்’ என்று இன்னொரு வரி. நடவு தொடங்கும் முன்னால் எழுதினால் நல்லது.

இடம் போதவில்லை என்றால் அந்தச் சல்லடையை அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நடவுக்காரியின் மகன்