இழுப்பறையில் இருக்கும் துப்பாக்கி: எஸ்தருக்கு ஒரு கடிதம்

சான் அன்டோனியோ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள எஸ்தர்,

நான் நலம். உன் வலது கட்டைவிரலைப் பற்றி நீ சொன்னதைக் கேட்டபின், நீயும் நலம்தானே என்று சம்பிரதாயத்துக்கு எழுத மனம் வரவில்லை. இந்தப் பேச்சைத் தொலைபேசியில் எடுத்தாலே நீ உன் மகள் ஜாயின் புது வேலைக்கோ உன் கொல்லைக் கறிவேப்பிலைக்கோ தாவிவிடுகிறாய். வேலூர் விடுதியில் மேட்ரன் அம்மாள் எதிரில் நீ செய்த அதே வித்தை. கடிதத்தில் அது பலிக்காது என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசிவரை படி.

உன் கணவர் தாமஸ் அண்ணன் விட்டுப்போன க்ளாக் 19 கைத்துப்பாக்கியின் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் அந்த இரும்புப் பகுதியை, உன்னால் இழுக்க முடியவில்லை. அதனால் பக்கத்துப் பண்ணைக்காரரின் மகனை அழைத்து, குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா அமரும் சேம்பரில் ஒரு தோட்டாவை ஏற்றித் தரச் சொல்லி, கட்டிலருகே இருக்கும் இழுப்பறையில் வைத்துவிட்டாய். "இனிமேல் இழுக்க வேண்டிய தேவையே இல்லை" என்று நிம்மதியாகச் சொன்னாய். அந்த நிம்மதிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. தனியாக இருக்கும் பெண், அடுத்த வீடு அரை மைலுக்கு அப்பால், அண்ணன் போனபின் வந்த அந்த முதல் குளிர்காலம் எல்லாம் எனக்குத் தெரியும். துப்பாக்கி வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. நானே சுடுதளத்துக்குப் போகிறவள். ஆனால் உன் வீட்டில் இப்போது இருப்பது நீ காலி செய்ய முடியாத ஒரு துப்பாக்கி. சுட முடியுமா என்பது இரண்டாவது கேள்வி. யார் துணையும் இல்லாமல் உன் கையாலேயே அதைக் காலி செய்ய முடியுமா என்பதே முதல் கேள்வி. முடியாது என்றால், அந்தத் துப்பாக்கி உன்னுடையதே அல்ல.

கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றிவிட்டால் போதும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. மேகசின் வெளியே வந்தாலும் சேம்பரில் ஏறிய தோட்டா அங்கேயேதான் இருக்கும். மேகசின் இல்லாத நிலையிலும் க்ளாக் அந்தத் தோட்டாவைச் சுட்டுவிடும். கட்டைவிரலால் தள்ளிவிடக்கூடிய பாதுகாப்புப் பொத்தான் எதுவும் அதில் கிடையாது. சுடும் விசையின் முகத்தில் இருக்கும் அந்தச் சிறு தகடு, விசையை அழுத்தும் விரலுக்குத் தானாகவே வழிவிட்டுவிடும். விசைக்கு வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ, ஆறு வயதுக் குழந்தை இரண்டு கை விரல்களையும் சேர்த்தால் அதற்கு எட்டிவிடும். உன் பேரன் ஈதனுக்கு வயது ஆறு. அவன் ஜூன் மாதம் வரப்போகிறான். இதற்கு மேல் இதைப் பற்றி விரித்து எழுத எனக்குக் கை ஓடவில்லை.

இனி உன் கைக்கு வருகிறேன். நீ காட்டிய இடத்தையும் வலி வரும் வேளைகளையும் வைத்துப் பார்த்தால், கட்டைவிரலின் அடிமூட்டுத் தேய்மானமாகத்தான் தெரிகிறது. கைச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்த காலமெல்லாம் நம் வயதுப் பெண்களிடம் நான் மிகுதியாகப் பார்த்தது இதைத்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் கிள்ளிப் பிடிக்கும்போது, நுனியில் தரும் அழுத்தம் பன்மடங்காகப் பெருகி அந்த அடிமூட்டில் இறங்குகிறது. இப்போது நீ ஸ்லைடை எப்படி இழுக்கிறாய் என்று யோசித்துப் பார். துப்பாக்கியை இடது கையில் எட்ட நீட்டிப் பிடித்துக்கொண்டு, வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொண்டு ஸ்லைடின் பின்முனையைக் கிள்ளிப் பின்னால் இழுக்கிறாய். திரைப்படங்களில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். உடம்பிலேயே மிக நோகும் மூட்டைத் தேர்ந்தெடுத்து, மிகக் கடினமான வேலையை அதனிடம் கொடுப்பது அது.

நம் பாடத்தில் மூட்டுப் பாதுகாப்பு என்று படித்தோமே, சிறிய மூட்டின் வேலையைப் பெரிய மூட்டுக்கு மாற்று என்று. இங்கே செய்ய வேண்டியதும் அதுதான். துப்பாக்கியை மார்புக்கு முன்னால், முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்குமாறு கொண்டு வர வேண்டும். இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் குறுக்காகக் கவிழ்த்து, நான்கு விரல்களும் ஒரு பக்கமும் உள்ளங்கையின் சதை மறுபக்கமும் இருக்குமாறு, வெற்று உறை வெளியேறும் துளைக்குப் பின்னால் இறுகப் பற்ற வேண்டும். கட்டைவிரலுக்கு அங்கே வேலையே இல்லை. பிறகு ஸ்லைடை இழுக்கக் கூடாது. ஸ்லைடைப் பிடித்த கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்திருக்கும் வலது கையை முன்னால் குத்துவதுபோல் தள்ள வேண்டும். அப்போது தோளும் மார்பும் முதுகும் வேலை செய்கின்றன. ஸ்லைடு பின்னால் முழுதும் போனதும் சட்டென்று விட்டுவிட வேண்டும். கையோடு கூடவே முன்னால் கொண்டுவந்தால் அது பாதியில் நின்று தோட்டா சிக்கிக்கொள்ளும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. துப்பாக்கியை மார்பருகே கொண்டுவந்ததும், வசதிக்காகக் குழல் முனையை இடப்பக்கம் திருப்புவது எல்லாருக்கும் இயல்பாக வந்துவிடும். சுடுதளத்தில் பக்கத்தில் நிற்பவரின் விலாவை நோக்கி அது திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். குழல் முனை இலக்கையே பார்த்துக்கொண்டிருக்க, உடம்பைத்தான் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். வலது ஆள்காட்டி விரல் விசையின் அருகே போகாமல், துப்பாக்கியின் உடற்பகுதியின் பக்கவாட்டில் நீட்டிப் படிந்திருக்க வேண்டும். இடக்கையின் எந்த விரலும் குழல் முனைக்கு முன்னால் வரக் கூடாது.

காலி செய்வதற்கும் ஒரு வரிசை உண்டு, அதை மாற்றக் கூடாது. முதலில் மேகசின் வெளியே வர வேண்டும், அதன் பிறகே ஸ்லைடு. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும், அடுத்தது உடனே ஏறிவிடும். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, தோட்டா தரையில் விழுவதைப் பார்த்த பின், ஸ்லைடைப் பின்னாலேயே பூட்டி நிறுத்தி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். பூட்டும் நெம்புகோலைக் கட்டைவிரலால் மேலே தூக்குவதுதான் உன் போன்ற கைக்கு மிகவும் வேதனையான அசைவு. அதற்கு ஒரு வழி இருக்கிறது. தோட்டா வெளியே விழுந்ததை உறுதி செய்த பிறகு, வெறும் மேகசினைச் செருகி மீண்டும் ஸ்லைடை இழு. மேகசினின் அடியிலிருந்து வரும் தட்டே நெம்புகோலை உயர்த்தி, ஸ்லைடைத் தானாகப் பின்னால் பூட்டிவிடும். இதற்காகவே ஒரு காலி மேகசினைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வழி தெரியாமல் எத்தனை பேர் கட்டைவிரலைக் கிழித்துக்கொள்கிறார்கள்!

இவ்வளவும் கற்றபின்னும் அந்தக் க்ளாக் உனக்கு ஒத்துவராமல் போகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்போது கடைக்குப் போனால், முகப்பில் நிற்பவர் உன்னைப் பார்த்ததும் ரிவால்வரைத்தான் எடுத்து நீட்டுவார். ஸ்லைடே இல்லையே, உங்களுக்கு எளிது என்பார். அதை நம்பாதே. தோட்டாவை அடிக்கும் சுத்தியலைக் கையால் பின்னிழுக்காமல் விசையை மட்டும் அழுத்திச் சுட்டால், பெரும்பாலான ரிவால்வர்களில் ஐந்து கிலோவுக்குப் பக்கமான அழுத்தம் வேண்டும், அதுவும் நீண்ட தூரம். க்ளாக்கைப் போல் இரண்டு மடங்கு. கைப்பைக்கு ஏற்றது என்று காட்டும் மிக இலேசான ரிவால்வர் என்றால், பின்னுதைப்பு முழுவதும் கட்டைவிரலின் அடிமூட்டில் வந்து இறங்கும். பெண்களுக்குச் சிறிய துப்பாக்கி என்பதும் அதே வகைத் தவறுதான். சிறிய பிஸ்டலில் ஸ்லைடு குட்டையாகவும் இலேசாகவும் இருப்பதால், அதை ஈடுகட்ட ஸ்லைடை முன்னால் தள்ளும் ஸ்பிரிங் கடினமாகவே இருக்கும். கொஞ்சம் பெரிய, கொஞ்சம் கனமான துப்பாக்கிதான் வலிக்கும் கைக்கு இரக்கம் காட்டும்.

நான் உன்னிடம் எடுத்துப் பார்க்கச் சொல்லும் வகைகள் இரண்டு. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 2018இல் ஷீல்ட் ஈஸி என்ற பெயரில் .380 என்ற தோட்டா ரகத்தில் ஒரு பிஸ்டலைக் கொண்டுவந்தது. அதன் ஸ்பிரிங் மென்மையானது, சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும். மேகசினின் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதைக் கீழே அழுத்திக்கொண்டால் எட்டுத் தோட்டாக்களும் வலியின்றி உள்ளே விழும். கைப்பிடியின் பின்புறம் ஒரு தகடு உண்டு, உள்ளங்கை அதை முழுதாக அழுத்தாவிட்டால் துப்பாக்கி சுடாது. பிடி தளர்ந்த கைக்கு அது சில நாள் ஒத்துழைக்காது என்பதால், உன் கையில் வைத்தே சோதிக்க வேண்டும். இன்னொன்று பெரட்டாவின் பாப்கேட், டாம்கேட் வகை. தோட்டா ரகம் முன்னதில் .22, பின்னதில் .32. ஒரு நெம்புகோலைத் தள்ளினால் குழலின் பின்முனை மேலே எழும்பும். தோட்டாவை விரலால் நேராகக் குழலுக்குள் வைத்து மூடிவிடலாம், ஸ்லைடை இழுக்கவே வேண்டாம். காலி செய்வதும் அப்படியே, குழலைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணெதிரே தெரியும். நான் முதலில் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல விடை வேறு எந்தத் துப்பாக்கியிலும் நான் காணவில்லை. தோட்டா சிறியது என்று பண்ணைக்காரர் மகன் உதட்டைப் பிதுக்குவான், பிதுக்கட்டும். கையில் அடங்காத பெரிய தோட்டாவைவிட, இலக்கில் போய்ச் சேரும் சிறிய தோட்டாவே மேல்.

ஸ்பிரிங்கை மாற்றி இலேசானதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அந்த ஸ்பிரிங்தான் அடுத்த தோட்டாவை ஏற்றி ஸ்லைடை முழுதாக மூடுகிறது. தளர்த்தினால் இன்னொரு இடத்தில் சிக்கும். மணிக்கட்டு தளர்ந்தாலே வெற்று உறை வெளியேறாமல் துளையில் குத்திட்டு நின்றுவிடும், அந்தச் சிக்கலை எடுப்பதற்கும் ஸ்லைடைத்தான் இழுக்க வேண்டும்.

இன்னொன்று. கடையில் பகல் பதினொரு மணிக்கு, வலி மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும்போது, இழுத்துப் பார்த்து முடிவு செய்துவிடாதே. உனக்குத் துப்பாக்கி தேவைப்படுவதாக நீ நினைக்கும் வேளை நள்ளிரவு அல்லது விடியற்காலை. கை மிக விறைத்திருக்கும் நேரமும் அதுவே. ஒரு வாரம் விடிந்ததும் எழுந்து, சுடுநீரில் கை வைப்பதற்கு முன்பே, காலித் துப்பாக்கியில் மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவை வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கைக்கு இணங்குவதே உனக்குரிய துப்பாக்கி. காலை விறைப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டி நீடித்தால், இரண்டு கைகளும் ஒருசேர வீங்கினால், தேய்மானம் என்று என் வார்த்தையை நம்பி உட்கார்ந்துவிடாதே. அது முடக்குவாதமாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இதை மட்டும் தள்ளிப்போடாதே, எஸ்தர்.

உன் இடது கை நன்றாகத்தானே இருக்கிறது? ஹங்கேரி நாட்டுப் படைவீரர் காரோலி டகாச் 1938இல் கையெறி குண்டு வெடித்ததில் சுடும் வலது கையை இழந்தார். இடது கையால் முதலிலிருந்து கற்று, அடுத்த ஆண்டே தம் நாட்டுச் சாம்பியன் ஆனார். 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் விரைவு பிஸ்டல் போட்டியில் தங்கம் வென்று, 1952இல் ஹெல்சிங்கியில் அதே தங்கத்தை மறுபடியும் வென்றார். உன்னிடம் யாரும் பதக்கம் கேட்கவில்லை. ஆனால் வலது கையால் முடியவில்லை என்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நீ பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. அறுவை அரங்கில் இடது கையால் நீ தையல் நூலை எடுத்துக்கொடுத்த வேகத்தைப் பார்த்து டாக்டரே வாய் பிளந்து நின்றது மறந்துவிட்டதா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில், சுடத் தயாரான துப்பாக்கியைப் பாதுகாக்காமல் வைத்து, 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளை அதை எடுக்க நேர்ந்தால் அது குற்றம். அந்தப் பிள்ளை அதைச் சுட்டு யாருக்காவது உயிர்ச்சேதமோ கடுங்காயமோ ஏற்பட்டால் தண்டனை மேலும் கடுமையாகும். இழுப்பறையைப் பாதுகாப்பு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எண் பொத்தான் உள்ள சிறிய இரும்புப் பூட்டுப்பெட்டி ஒன்று வேண்டும். கைரேகையில் திறப்பதை வாங்காதே. காலமெல்லாம் கை கழுவிக் கழுவித் தேய்ந்த விரல்களின் ரேகையை அது பல நேரம் அடையாளம் காண்பதில்லை.

வரும் சனிக்கிழமை காலையில் நான் புறப்பட்டு வருகிறேன். மறுப்புச் சொல்லாதே. பூட்டுப்பெட்டி, பயிற்சித் தோட்டாக்கள், உன் கட்டைவிரலுக்குத் தாங்குபட்டை எல்லாம் எடுத்துவருகிறேன். முதல் வேலையாக அந்தத் துப்பாக்கியை நான் காலி செய்வேன், இரண்டாவதாக நீ அதை என் எதிரில் காலி செய்ய வேண்டும். முடிந்தால் அது உன்னிடமே இருக்கட்டும். முடியாவிட்டால் உரிமம் பெற்ற வியாபாரியிடம் இருவரும் சேர்ந்து கொண்டுபோவோம். அண்ணனின் பொருள் என்ற எண்ணம் உனக்கு வரும் என்று தெரியும். அவருடைய கைக்கடிகாரமும் வேதாகமமும் உன்னிடம் இருக்கின்றன.

அதுவரை அந்த இழுப்பறையைத் தொடாதே. அறையைப் பூட்டிவிட்டு நீ ஜாயின் அறையில் படுத்துக்கொள். பக்கத்து வீட்டுப் பையனை மறுபடியும் கூப்பிடாதே. கடிதம் கிடைத்ததும் ஒரு வரி செய்தி அனுப்பு. சனிக்கிழமைக்கு மீன் குழம்பு வைப்பதாக இருந்தால் புளியை நானே கொண்டுவருகிறேன், உன் ஊரில் கிடைப்பது புளியே அல்ல.

அன்புடன்,
மங்கை