நஷ்டத்தை ஈடுகட்டுவது கடனா, மூலதனமா?

ஆசிரியருக்கு,

கால்பந்து கிளப்புகளின் நஷ்டம் பற்றிய செய்திகளில் தொகை வருகிறது. முதலாளி அதை எப்படி ஈடுகட்டினார் என்பது வருவதில்லை. முக்கியமே அதுதான். எவர்ட்டன் கிளப் தண்டிக்கப்பட்ட, இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீகின் விதிப்படி, மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டம் அனுமதிக்கப்பட்டது. அதில் 9 கோடியை முதலாளி பங்கு மூலதனமாக, அதாவது கிளப் திருப்பித் தர வேண்டாத பணமாக, போட வேண்டியிருந்தது. கடனாகக் கொடுத்தால் கணக்கில் சேரவில்லை. மூலதனம் இல்லையேல் வரம்பு 1.5 கோடியாகத்தான் இருந்தது. இளையோர் பயிற்சி, மகளிர் அணி, மைதானக் கட்டுமானச் செலவுகளை நஷ்டக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள முடிந்தது. இவ்வளவு சலுகைக்குப் பிறகும் எவர்ட்டனின் நஷ்டம் 10.5 கோடி வரம்பைவிட 1.95 கோடி அதிகமானது. 2023 நவம்பரில் லீக் பட்டியலில் அதன் 10 புள்ளிகள் போயின. மேல்முறையீட்டில் அது 6 ஆனது.

அதே லீகின் செல்சீ கிளப்போ தன் இரண்டு ஹோட்டல்களைத் தன் குழுமத்தின் இன்னொரு நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்று நஷ்டத்தைக் குறைத்தது. ஒரே முதலாளியின் பணம் இடம் மாறுவதை வருமானமாக ஏற்பது அநியாயம்.

கீழ்நிலை லீகில் நிலைமை இன்னும் மோசம். 1885-இல் தொடங்கிய பரி (Bury) கிளப், 2018 டிசம்பரில் 1 பவுண்டுக்குக் கைமாறியது. கடனை அடைக்கப் பணம் இருப்பதாகப் புதிய முதலாளி நிரூபிக்காததால், 2019 ஆகஸ்டில் லீகிலிருந்தே நீக்கப்பட்டது. அந்த ஆதாரத்தை விற்பனைக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

– வாசகர், திருச்சி