இறாலின் மீசை

அன்பு மகளுக்கு,

நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வெவ்வேறு உயிர்கள் சேர்ந்து வாழும் கூட்டுயிர் வாழ்க்கையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். வகைகளின் பெயர்களிலிருந்து மட்டும் தொடங்காதே அம்மா. இரண்டு உயிருக்கும் நன்மை, ஒன்றுக்கு மட்டும் நன்மை, ஒட்டுண்ணி என்ற மூன்று வகைகளின் பெயர்களை நான் பல வருஷம் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பாடத்தையே ஆரம்பித்தேன். பிள்ளைகள் பெயர்களை ஒப்பித்தார்கள், உயிர்களைப் பார்க்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஒரு ஜோடியைக் காட்டித் தொடங்கு. கடலடி மணலில் வளை தோண்டி வாழும் ஓர் இறால் இனம் உண்டு. கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் எழுப்பும். கண்பார்வைதான் மிகவும் மங்கல். அதன் வளையிலேயே ஓர் உளுவை மீனும் குடியிருக்கும். மீன் தோண்டாது, ஆனால் பார்வை கூர்மை. மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் நீண்ட மீசையை மீனின் மேல் வைத்துக்கொள்ளும். ஆபத்து தெரிந்தால் மீன் வாலைப் படபடவென்று அசைக்கும், இறால் உள்ளே ஓடிவிடும். ஆபத்து இன்னும் நெருங்கினால் மீனும் பின்னாலேயே பாயும்.

இதை நடிக்க வை. ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு பிள்ளையின் தோளில் கை வைக்கட்டும். அப்புறம் கேள்: இதற்கு என்ன கிடைக்கிறது? அதற்கு என்ன கிடைக்கிறது? யாருக்காவது நஷ்டமா?

இதே கேள்விகளோடு திமிங்கிலத்தின் தோலில் ஒட்டியிருக்கும், கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடல் உயிருக்குப் போகலாம். மற்றச் செடிகளைச் சுற்றிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் அம்மையார் கூந்தல் கொடிக்கும் போகலாம். பெயர்கள் தாமாக வந்து உட்காரும்.

"ஒட்டுண்ணியும் கூட்டுயிர் வாழ்க்கைதானா?" என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். இல்லை என்று சொல்லி உட்கார வைத்தேன். தப்பு. 1879இல் இந்தச் சொல்லை விளக்கிய ஜெர்மன் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி, வெவ்வேறு உயிர்கள் சேர்ந்து வாழ்வது என்றுதான் சொன்னார், ஒட்டுண்ணியையும் அதில் சேர்த்தார். சில புத்தகங்கள் இரு தரப்பும் பயன்பெறுவதை மட்டுமே அந்தப் பெயரால் குறிக்கும். பிள்ளைகளிடம் அதையும் சொல்லிவிடு.

கடைசியாக, பாறையில் படர்ந்திருக்கும் லைக்கன். பூஞ்சை இருக்க இடம் தருகிறது, அதற்குள் இருக்கும் பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது. பார்த்தால் ஒரே உயிர் போலத்தான் தெரியும். வகுப்புக்குக் கொண்டுவரப் பாறையிலிருந்து சுரண்டாதே, அவ்வளவு வளர வருஷக்கணக்காகியிருக்கும். ஒரு பூதக்கண்ணாடியோடு பிள்ளைகளை அங்கேயே கூட்டிப்போ. என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா